பழைய 4×4 பிக்கப், கையில் ஒன்றரை லட்சம்: முதல் செலவு எதற்கு?

செகண்ட் ஹேண்டில் 4×4 பிக்கப் எடுத்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வண்டி வந்தாச்சு. கையில் ஒன்றரை லட்சம் மிச்சம் இருக்கு. டயர் மாத்தட்டுமா, தூக்கிக் கட்டட்டுமா, வின்ச் போடட்டுமா?" (வின்ச் என்பது சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்.) சர்வீஸ் பண்ணட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அதையும் ஒரு தேர்வாகச் சேர்த்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது 2016-ல் வந்த முதல் தலைமுறை இசுசு வி-கிராஸ். 2.5 லிட்டர் டீசல், 5 கியர் மேனுவல், 245/70 ஆர் 16 டயர். இன்று நம் ஊர்ச் சந்தையில் நல்ல நிலையில் தேடக்கூடிய 4×4 பிக்கப்களில் அது முக்கியமானது. டாடா ஜெனான், மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, பொலிரோ கேம்பர் 4×4 வைத்திருப்பவர்களுக்கும் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். எல்லாமே ஏணிச் சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் போடும் 4×4.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், போன இடத்திலிருந்து வண்டி தன் காலில் திரும்பி வருமா என்பது. தாண்டிக்குடி மேலே காபித் தோட்டத்துக்குள் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி நின்றுபோனால், அது எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பது யாருக்கும் பயன்படாது.

இரண்டாவது, கொடுக்கிற காசுக்குத் தரையில் எவ்வளவு பிடிப்பு கூடுகிறது. மூன்றாவது எடை. வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் பிரேக், ஸ்பிரிங், கிளட்ச், டீசல் எல்லாம் சுமக்க வேண்டும். நான்காவது சட்டமும் இன்சூரன்ஸும். ஐந்தாவது, உடைந்தால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் சரியாகுமா. சென்னையிலிருந்து பார்சல் வரும்வரை வண்டி ஜாக்கியில் நிற்க வேண்டியிருந்தால், அந்தப் பாகம் எவ்வளவு உசத்தி என்றாலும் தோட்டத்துக்காரருக்கு ஆகாது.

சட்டத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. முன்னால் கம்பி பம்பர் மாட்டுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, "இந்த மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லவில்லையே" என்று எழுதிவிட்டால் அதை எப்படிக் கட்டுவது? எதைப் பொருத்தினாலும் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி இறங்கக்கூடாது. இங்கே நான் பேசுவது தோட்டப் பாதை, பட்டா நிலம், ஊராட்சி மண் ரோடு, மலைக்கிராமத்துக் கல் ரோடு இவற்றைத்தான்.

## தேர்வு 1: முழு பராமரிப்பு

படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனால் என் கணக்கில் முதல் ஐம்பது, அறுபது ஆயிரம் இங்கேதான் போக வேண்டும்.

முன் ஓனர் நல்லவராகவே இருக்கட்டும். இன்ஜின் ஆயில் மாற்றியிருப்பார். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ஆயிலையும் முன் டிஃப் (டிஃபரன்ஷியல், சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) ஆயிலையும் தொட்டிருக்க மாட்டார். பலர் 4×4 லீவரைப் போட்டுப் பார்த்ததே இல்லை. வருடக்கணக்கில் போடாமலே விட்டால், தேவைப்படும் அன்று அது விழாது. வாங்கியதும் ஈர மண்ணில் கொண்டுபோய் 4 ஹை (சாதாரண வேகத்துக்கு), 4 லோ (மெதுவான, பலத்த இழுவைக்கு) இரண்டையும் போட்டுப் பாருங்கள். காய்ந்த தாரில் போட்டுத் திருப்பக்கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும். நடுவில் டிஃப் இல்லாததால் அந்த முறுக்கு எல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டிலும் ஏறும்.

இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப், பின் டிஃப் ஐந்தையும் ஒரே நாளில் இறக்குங்கள். இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஏனென்றால் அந்த ஆயில் வண்டியின் கதையைச் சொல்லும். பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு. கியர் பல் துண்டு ஒட்டியிருந்தால் விற்றவருக்கு அன்றே போன் போடலாம்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நெடுந்தூரம் ஓடிச் சூடான டிஃப் சட்டென்று ஓடைத் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப, மேலே காற்றுப் போய்வர உள்ள பிரீத்தர் ஓட்டை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை இழுக்கிறது. பிரீத்தரில் ஒரு நல்ல டீசல் ஹோஸை மாட்டி உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை. இந்தக் கட்டுரையில் வரும் மாற்றங்களிலேயே காசுக்கு அதிகம் தருவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீர், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு கிரீஸ், வீல் பேரிங், பால் ஜாயின்ட். பின் டிரம்மைக் கழற்றி உள்ளே இறுகிய சேற்றைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். பின் சரக்குப் பெட்டிக்கு அடியில் ஸ்பேர் டயரை இறக்கும் செயினை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகியிருப்பது பஞ்சர் ஆன இடத்தில்தான் தெரியவரும், அதுவும் மழையில்.

தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகை என்று கடலோரத்திலிருந்து வரும் வண்டியாக இருந்தால் சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். பின் ஆக்ஸிலுக்கு மேல் வளையும் இடமும், பட்டை தொங்கும் ஹேங்கரும் முக்கியம். கணீர் என்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் பணத்தை டயருக்குக்கூடச் செலவழிக்காதீர்கள், அந்த வண்டியே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: ஒன்றைத் திறந்தால் இன்னொன்று வரும். ஆயில் மாற்றப் போனால் சீல் ஒழுகுவது தெரியும், சீல் மாற்றப் போனால் பேரிங் ஆடுவது தெரியும். போட்ட கணக்குக்கு மேல் கால்பங்கு ஒதுக்கி வையுங்கள்.

யாருக்கு இது முதல்: முந்தைய சர்வீஸ் பில் கையில் இல்லாத எல்லோருக்கும்.

## தேர்வு 2: டயர்

வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது இது ஒன்றுதான். பராமரிப்பு முடிந்த வண்டியில் அடுத்த ரூபாயை இங்கே வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ரோட்டுக்கான எச்.டி, இரண்டுக்கும் நடுவான ஏ.டி, சேற்றுக்கான எம்.டி. எந்த மண் என்று கேட்காமல் டயர் பரிந்துரைப்பவரை நம்பாதீர்கள்.

நம்மிடம் மண் பலவிதம். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கட்டம் கட்டமாகப் பல் வைத்த எம்.டி டயர் பள்ளம் தோண்டி இறங்கிவிடும். அங்கே காற்று இறக்கிய ஏ.டி மிதந்து போகும், ஏன், நல்ல எச்.டி கூடப் போகும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் அதற்கு நேர் எதிர். மழை பெய்த கரிசலில் ஏ.டி டயரின் பல்லெல்லாம் பத்து அடியில் அடைத்து வழுக்கைக் கல்லாகிவிடும். எம்.டி கொஞ்சம் உதறித் தள்ளும். ஆனாலும் அந்த மண்ணில் பிறந்தவர்கள் மழைக்கு அடுத்த நாள் வண்டி இறக்க மாட்டார்கள், அதுவே சரியான வழி. மலைத்தோட்டத்துக் கல் ரோட்டில் பல்லைவிட டயரின் பக்கவாட்டுச் சுவர்தான் முதலில் அடிபடும். அங்கே சுவர் கெட்டியான ஏ.டி.

ஆக, வாரத்தில் ஐந்து நாள் தாரிலும் ஒரு நாள் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு ஏ.டி. எம்.டி வேண்டும் என்பவர் தாரில் இரைச்சலையும் மழை ரோட்டில் நீளும் பிரேக் தூரத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அளவு பற்றி ஒரு கணக்கு. 245/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/70 ஆர் 16 போட்டால் 777 மி.மீ. 28 மி.மீ கூடுகிறது, ஆக்ஸில் 14 மி.மீ உயர்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ஐ ஒட்டி ஓடும். ஒவ்வொரு கியரிலும் இழுவை அதே அளவுக்குக் குறையும், ஏற்றத்தில் கிளட்ச் அதிகம் தேயும். அந்த 14 மி.மீ.க்காக இவ்வளவையும் தாங்க வேண்டுமா? என் பதில், பழைய அளவிலேயே நல்ல ஏ.டி. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை மாற்றாதவரை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் பேச்சு இல்லை.

இன்னொன்று செலவே இல்லாதது. டயர் காற்றைக் கல் ரோட்டில் 24, 25 பிஎஸ்ஐ, மணலில் 15 முதல் 18 வரை இறக்குங்கள். டயர் தரையில் படும் நீளம் கூடுகிறது, கல்லை வளைந்து விழுங்குகிறது. வேகம் 30-ஐத் தாண்டக்கூடாது. தாருக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். சஸ்பென்ஷன் மாற்ற வந்த எத்தனையோ பேரின் குறை, காற்றைப் பத்து பிஎஸ்ஐ இறக்கியதும் தீர்ந்திருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு: நான்கு இல்லை, ஐந்து டயர். ஸ்பேர் வேறு அளவாக இருந்தால் 4×4 போடும்போது டிஃப்புக்குக் கேடு. மைலேஜ் கொஞ்சம் குறையும். வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. எனக்கு ஒரு கடையில் "புது ஸ்டாக்" என்று தந்தது நாலு வருடப் பழசு. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அதிலிருந்து டயரைத் திருப்பித் தேதியைப் பார்க்காமல் காசு எடுப்பதில்லை.

யாருக்கு இது முதல்: சர்வீஸ் கச்சிதமாக இருக்கிற, ஆனால் டயர் ஆறு வருடம் தாண்டிய வண்டிக்கு. பல் மிச்சமிருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும்.

## தேர்வு 3: சஸ்பென்ஷன், உயர்த்துதல்

ஆசை அதிகம் இழுப்பது இதில்தான். தவறான கணக்கும் இதில்தான் அதிகம்.

இரண்டு இஞ்ச் தூக்கிக் கட்டினால் வண்டிக்கு அடியில் இரண்டு இஞ்ச் கூடும் என்று நினைக்கிறோம். பாடியும் சேஸிஸும் உயரும், உண்மைதான். ஆனால் வண்டியின் தாழ்ந்த இடங்களில் ஒன்று பின் டிஃப் குண்டு, அதாவது பின் ஆக்ஸில் நடுவில் புடைத்திருக்கும் பகுதி. அது ஆக்ஸிலோடு சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் குண்டு ஒரு மி.மீ கூட நகராது. அதை உயர்த்தப் பெரிய டயர் மட்டுமே வழி.

அப்படியானால் தூக்குவதால் லாபமே இல்லையா? உண்டு. வி-கிராஸின் நீளம் 5,295 மி.மீ, சக்கர இடைவெளி 3,095 மி.மீ. மேடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டும், பள்ளத்திலிருந்து ஏறும்போது வால் தட்டும். 40 மி.மீ தூக்கினால் இரண்டும் குறையும். ஆனால் வயிற்றில் முதலில் தட்டுவது சேஸிஸ் இல்லை, சைடு ஸ்டெப். அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். காசு செலவில்லாமல் கொஞ்சம் இடம் கிடைத்துவிடும்.

முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் 40 முதல் 50 மி.மீ.யோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் முன் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சாய்ந்த கோணத்திலேயே சுழலும், ரப்பர் பூட் கிழியும், உள்ளே மண் போகும். மேல் ஆர்ம் பால் ஜாயின்ட்டும் தன் எல்லையில் நிற்கும். சில கடைகளில் ஸ்பிரிங்குக்கு மேல் அலுமினிய வளையம் வைத்து மலிவாகத் தூக்கித் தருகிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பழசு, வேலை மட்டும் கூடுகிறது. நான் அதைச் செய்ய மாட்டேன்.

பிக்கப்புக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. பின் பட்டை சுமைக்காகச் செய்தது. பெட்டி காலியாக இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் குதிக்கும். குதித்துக் காற்றில் நிற்கும் சக்கரம் சும்மா சுழலும், மறு சக்கரம் அசையாமல் நிற்கும். இதைத் தணிக்க ஒரு பட்டையை உருவிவிடச் சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் பத்து மூட்டை உரம் ஏற்றுபவர் என்றால் உருவாதீர்கள். புது ஷாக், புது ஷேக்கில் புஷ் (பட்டை முனை தொங்கும் இணைப்பின் ரப்பர்) போட்டு, காலியாகப் போகும் நாளில் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டையை நகராமல் கட்டிப் பாருங்கள். வேறு வண்டி மாதிரி இருக்கும்.

பட்டை தளர்ந்துவிட்டதா என்று அறிய, நான்கு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து இடமும் வலமும் ஒப்பிடுங்கள். பழைய பட்டையை அடித்து வளைத்துத் தருவது பட்டறையில் மலிவு, ஆனால் சில மாதத்தில் திரும்பப் படுத்துவிடும். புதுக் கட்டு வாங்குவதே கடைசியில் லாபம்.

மறைந்திருக்கும் செலவு: அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம், யூ போல்ட், சில வண்டிகளில் நீளமான பிரேக் ஹோஸ். வளைவில் சாய்வு கூடும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

யாருக்கு இது முதல்: ஷாக் ஒழுகுகிற, பட்டை படுத்த வண்டிக்கு. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது 40 மி.மீ உயரமான நல்ல செட்டைப் போடலாம்.

## தேர்வு 4: ஸ்டீல் பம்பரும் வின்ச்சும்

பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் சுமார் நூறு கிலோ, அத்தனையும் முன் ஆக்ஸிலுக்கு முன்னால். முன் ஸ்பிரிங் அமுங்கும், பிறகு அதற்கொரு கெட்டி ஸ்பிரிங். இப்படித்தான் தேர்வு 4 எடுத்தவர் தெரியாமலே தேர்வு 3-க்கும் காசு கட்டுகிறார். ஏர்பேக் உள்ள வண்டியில், மோதும்போது நசுங்க வேண்டிய இடத்தில் இரும்பு நின்றால் ஏர்பேக் விரியும் நேரமே மாறலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று மேலே பார்த்தோம்.

வின்ச் முழுச் சுமையில் பல நூறு ஆம்பியர் இழுக்கும். வயதான பேட்டரி உள்ள வண்டியில் அது ஒரு தடவைதான் வேலை செய்யும்.

இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கும், தோட்டத்தில் டிராக்டர் இருப்பவர்களுக்கும் இதன் பத்தில் ஒரு பங்கு காசில் வேலை முடிகிறது. ஒரு நல்ல இழுவிசைப் பட்டை, தாங்கும் எடை முத்திரையிட்ட இரண்டு ஷேக்கில் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்), ஒரு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு பலகை. ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: இழுவிசைப் பட்டையை டிரெய்லர் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உருண்டை பிய்ந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், உயிர் போயிருக்கிறது. சேஸிஸில் பிடித்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், இழுக்கும்போது ஆட்களைத் தூர நிறுத்துங்கள்.

யாருக்கு இது முதல்: தனியாக, ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் வேலையாகவே அடிக்கடி போகிறவருக்கு. அவருக்கும் மூன்றாவது வருடச் செலவுதான்.

## ஒரே பார்வையில்

ரூபாய்க் கணக்கு என் விசாரிப்பில் கிடைத்த தோராயம். ஊருக்கு ஊர் மாறும்.

| | பராமரிப்பு | ஏ.டி டயர் (5) | சஸ்பென்ஷன் | பம்பர், வின்ச் |
|---|---|---|---|---|
| செலவு | 40–70 ஆயிரம் | 50–75 ஆயிரம் | ஷாக், புஷ் மட்டும் 25–40 ஆயிரம். முழு செட் லட்சத்துக்கு மேல் | லட்சத்துக்கு மேல் |
| திரும்பி வருதல் | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம் | வண்டி சிக்கிக்கொண்ட பிறகு மட்டும் |
| பிடிப்பு | இல்லை | மிக அதிகம் | கொஞ்சம் | இல்லை |
| கூடும் எடை | இல்லை | கொஞ்சம் | கொஞ்சம் | சுமார் 100 கிலோ |
| சட்டச் சிக்கல் | இல்லை | அதே அளவு என்றால் இல்லை | உண்டு | நிச்சயம் உண்டு |
| உள்ளூர்ப் பட்டறை | முடியும் | முடியும் | கம்பெனிப் பாகம் என்றால் முடியும் | கடினம் |

## ஒன்றரை லட்சத்தை எப்படிப் பிரிப்பேன்

மலைத்தோட்டக்காரர் என்றால் 60 ஆயிரம் பராமரிப்பு, 60 ஆயிரம் அதே அளவு ஏ.டி, மிச்சத்தில் பின் ஷாக்கும் புஷ்ஷும்.

தேரி, ஆற்றுமணல் பக்கம் என்றால் சஸ்பென்ஷனை மறந்துவிடுங்கள். பராமரிப்பு, டயர், நல்ல கம்ப்ரஸர், இழுவைச் சாமான். ஊருக்குத் திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உப்பளப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே.

லடாக் போக வேண்டும் என்று தயாராகிறவர்கள் வீணாகச் செலவழிப்பதைப் பார்க்கிறேன். 5,798 மீட்டர் உயரத்தில் உள்ள உம்லிங் லா வரைக்குமே எல்லைச் சாலை அமைப்பு தார் போட்டாயிற்று. அந்தப் பயணத்துக்குத் தேவை கூலிங் சிஸ்டம், பிரேக், பேட்டரி, ஐந்து நல்ல டயர். சென்னையிலிருந்து போய்த் திரும்ப ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. தூக்கிக் கட்டிய வண்டியில் அந்தத் தூரம் அலுப்பு.

வாங்கிய வண்டியை முந்தைய ஓனர் ஏற்கெனவே தூக்கிக் கட்டியிருந்தால் வேறு கதை. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், முன் சி.வி. பூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், யூ போல்ட்டைத் திரும்ப முடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கழற்றிய பழைய பம்பரும் ஸ்பிரிங்கும் எங்கே என்று விற்பவரிடம் கேட்டு, மாட்டுக்கொட்டகையில் கிடந்தாலும் சரி, அன்றே பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் அடுத்த எஃப்.சி.க்கு, வெள்ளை போர்டு என்றால் பதினைந்தாவது வருட ஆர்.சி. புதுப்பிப்புக்கு அவை தேவைப்படும்.